அந்த ஆரஞ்சு வெளிச்சம் ட்யூப்போடது இல்ல: மலிவு ப்ரீஆம்ப்ல ட்யூப் மாத்துற கதை

சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன்ல ஒரு சின்ன அலுமினிய டப்பா வருது, ட்யூப் ப்ரீஆம்ப்னு பேரு, பாட்டு சிக்னல் ஆம்ப்ளிஃபயருக்கு போறதுக்கு முன்னாடி இது வழியா போகும், பாத்திருப்பீங்க. உள்ளங்கை சைஸ், மேல பழைய ரேடியோ வால்வு ரகத்துல ரெண்டு குட்டி கண்ணாடி ட்யூப் எட்டிப் பாத்துட்டு நிக்கும், முன்னாடி ஒரு வால்யூம் குமிழ், பின்னாடி ஆடியோ வயர் சொருக நாலு ஆர்சிஏ சாக்கெட், கூட ஒரு 12 வோல்ட் அடாப்டர். போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல இத சொருகிட்டு ஸ்விட்ச போட்டா ட்யூப் அடியில ஆரஞ்சு கலர்ல ஜம்முனு எரியும். முதல் வாரம் அத பாத்துட்டே பாட்டு கேப்பாங்க, ரெண்டாவது வாரம் "இதுல எந்த ட்யூப் போட்டா இன்னும் நல்லா இருக்கும்"னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், இப்ப வீட்ல ஒரு செருப்பு டப்பா நிறைய ட்யூப் கிடக்கு, டப்பாவுக்கு குடுத்த காசை விட அதுக்குள்ள போட்ட காசு ஜாஸ்தி.

அதனால முதல்லயே சொல்லிடறேன். ட்யூப் மாத்துறதுல பலன் இருக்கு, நிஜமாவே இருக்கு, ஆனா விக்கிறவங்க சொல்ற இடத்துல இல்ல. "பட்டு மாதிரி மிட்ரேஞ்ச்", "தேன் மாதிரி குரல்"ன்னு எழுதுறாங்கல்ல, அது பெரும்பாலும் வேற ஏதோ ஒண்ணால வர்றது. நிஜ பலன் பாட்டுக்கு அடியில வர்ற இரைச்சல் குறையறதுலயும், தட்டுனா மணி அடிக்காத ட்யூப்பா பாத்து எடுக்கறதுலயும்தான் இருக்கு. இது ஏன்னு புரியணும்னா டப்பாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும்.

மொதல்ல அந்த ஆரஞ்சு வெளிச்சம். ஸ்விட்ச் போட்ட அடுத்த நொடியே எரியுதுன்னா அது ட்யூப் இல்ல, சாக்கெட் நடு ஓட்டைக்கு கீழ வச்சிருக்கிற எல்இடி. நிஜ ட்யூப்ல ஹீட்டர்னு ஒரு கம்பி சூடாகி, அது கேத்தோடுங்கிற குழாயை சூடாக்கி, அதுல பூசியிருக்கிற பேரியம் கலந்த பூச்சு நல்லா சூடேறினப்புறம்தான் எலக்ட்ரான் வெளிய வரும், அதுக்கு பத்து இருபது செகண்ட் ஆகும். நம்ம ஊர்ல லேட்டா புரிஞ்சிக்கிறவன "ட்யூப்லைட்"னு கிண்டல் பண்ணுவோம், ஆனா ரேடியோ வால்வு அத விட லேட்டு. தாத்தா காலத்து வால்வு ரேடியோ வீட்ல இருந்தவங்களுக்கு தெரியும், ஸ்விட்ச திருப்பிட்டு ஒரு வாய் காப்பி குடிச்சப்புறம்தான் சிலோன் ஸ்டேஷன் மெதுவா மேல வரும். அந்த ரேடியோக்களுக்கு வால்வு வெளிநாட்ல இருந்து மட்டும் வரல, 1954ல பெங்களூர்ல ஆரம்பிச்ச பிஇஎல் கம்பெனி பின்னாடி வால்வும் செஞ்சுது, பிஇஎல்னு பிரிண்ட் போட்ட ஈசிசி83, ஈஎல்84 எல்லாம் இன்னிக்கும் பழைய ஸ்டாக்ல கண்ணுல படும்.

சரி, எல்இடி ஏமாத்து வேலைன்னா ட்யூப்பும் சும்மா பொம்மையா? இல்ல, ஆனா சந்தேகம் நியாயமானதுதான். நிறைய மலிவு டப்பாவுல ட்யூப்புக்கு முன்னாடியோ பின்னாடியோ ஆப்-ஆம்ப்னு ஒரு ஐசி சிப் உக்காந்து சிக்னலை பெருசாக்குற வேலையை எல்லாம் அதே பாத்துக்கும், ட்யூப் வந்த சிக்னலை அப்படியே கை மாத்தி விடற வேலை மட்டும் செய்யும். இத தெரிஞ்சிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. 12 வோல்ட்ல ஓடற டப்பாவா இருந்தா மட்டும், அடாப்டரை கழட்டிட்டு, ட்யூப்பை உருவிட்டு, திரும்ப ஆன் பண்ணி சின்ன வால்யூம்ல பாட்டு போடுங்க. பாட்டு வழக்கம் போல வந்தா ட்யூப் சிக்னல் போற வழியிலயே இல்ல, மாத்தி பிரயோஜனம் இல்ல, அந்த காசுக்கு பிரியாணி சாப்பிடலாம். பாட்டு நின்னு போச்சுன்னா ட்யூப் வேலை செய்யுது, மேல படிங்க. வீட்டு கரண்ட்ல நேரா ஓடற, உள்ள 200, 300 வோல்ட் இருக்கிற பெரிய ப்ரீஆம்ப்ல இந்த விளையாட்டே வேணாம், அதுல கெப்பாசிட்டர் ஸ்விட்ச அணைச்சப்புறமும் ஷாக் அடிக்கிற அளவுக்கு சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும்.

இந்த குட்டி டப்பாவுல வர்ற ட்யூப் பெரும்பாலும் 6ஜே1. சீனாவுல செஞ்சது, 7 கால். சோவியத் காலத்துல 6ஷ்1பி-ன்னு இருந்த ட்யூப்போட சீன வடிவம் இது, அந்த சோவியத் ட்யூப்புக்கு அமெரிக்காவுல நெருங்கின சொந்தக்காரன் 6ஏகே5, ஐரோப்பாவுல அதுக்கே ஈஎஃப்95-ன்னு பேரு, முரட்டு ராணுவ வேலைக்கு தயார் பண்ண வடிவம் 5654. இந்த குடும்பத்தோட பூர்வீகம் ஆடியோவே இல்ல. 6ஏகே5 ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ராடார் ரிசீவருக்குள்ள உக்காந்துட்டு பலவீனமான ஹை ஃப்ரீக்வென்சி சிக்னலை தூக்கி விடறதுக்காக வந்த பெண்டோடு, அதாவது உள்ள அஞ்சு எலக்ட்ரோடு இருக்கிற ட்யூப். போரும் முடிஞ்சு, ட்ரான்சிஸ்டரும் வந்து, அட்டைப்பெட்டியோட லட்சக்கணக்குல மிச்சமாயிடுச்சு. கிட்டார்காரங்களும் ஹைஃபைகாரங்களும் தேடித்தேடி வாங்குறது 12ஏஎக்ஸ்7 மாதிரி ட்யூப்பை, இந்த குட்டி ராடார் ட்யூப்பை அந்த அளவுக்கு யாரும் சீண்டல, அதனால விலை இன்னும் கைக்கு அடக்கமா இருக்கு. மலிவு ப்ரீஆம்ப் செய்யறவங்க இத புடிச்சதுக்கு காரணமே அதுதான், சவுண்டு நல்லா இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணி ஒண்ணும் இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், வோல்டேஜ். 6ஜே1 டேட்டாஷீட்ட எடுத்து பாத்தீங்கன்னா ப்ளேட்டுக்கு, அதாவது எலக்ட்ரான் போய் சேர்ற தகடுக்கு, 120 வோல்ட் குடுத்து ஓட்டுற கணக்குதான் போட்டிருக்கும். நம்ம டப்பாவுக்கு வர்றது 12 வோல்ட். ஏசி அடாப்டரா இருந்தா அதோட உச்சம் சுமார் 17 வோல்ட், டயோடுல கொஞ்சம் போக 16 சொச்சம், ப்ளஸ் பக்கம் ஒண்ணு மைனஸ் பக்கம் ஒண்ணுன்னு ரெட்டிப்பு பண்ணா மொத்தம் 32 வோல்ட் கிட்ட வரும். 120 கேக்கற ட்யூப்புக்கு 32. அரை வயித்துக்கு கூட இல்ல, கால் வயித்துக்கு சாப்பாடு போட்டு வேலை வாங்குறாங்க. வேலை செய்யும், ஆனா சிக்னல் கொஞ்சம் பெருசானாலே மூச்சு வாங்கும், அதாவது அலையோட ஒரு பக்கம் நசுங்கும், அப்ப ரெண்டாம் ஹார்மோனிக்னு, அதாவது ரெண்டு மடங்கு ஃப்ரீக்வென்சியில, ஒரு சாயல் சேந்துக்கும். "ட்யூப் வாம்த்"ன்னு எல்லாரும் சொல்றது பாதி இதத்தான். அது பிடிச்சிருந்தா தப்பு ஒண்ணும் இல்ல, எனக்கும் பழைய பாட்டுல பிடிக்கும், ஆனா அது பிராண்டோட மகிமை இல்ல, பட்டினியோட மகிமை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. "ட்யூப் மாத்துனா வித்தியாசமே தெரியாது, எல்லாம் பிரமை"ன்னு அடிச்சு சொல்றவங்க இருக்காங்கல்ல, அவங்க சொல்றது ஒழுங்கா 250 வோல்ட்ல ஓடற ப்ரீஆம்ப்ல ஓரளவு சரிதான், ஆனா இந்த பட்டினி டப்பாவுல முழுசா சரி இல்ல. கேத்தோடுல இருந்து கிளம்பற எலக்ட்ரான் சும்மா எட்டிப் பாக்காது, கொஞ்சம் வேகத்தோடதான் வரும், அதனால நடுவுல நின்னு எலக்ட்ரான் ஓட்டத்த கட்டுப்படுத்துற கம்பிச்சுருளான க்ரிட்ட அரை வோல்ட்ல இருந்து ஒரு வோல்ட் வரைக்கும் மைனஸ்ல வச்சாதான் க்ரிட் கரண்ட் இழுக்காம இருக்கும். இந்த அரை வோல்ட்டா ஒரு வோல்ட்டாங்கிறது ட்யூப்புக்கு ட்யூப் மாறும். லட்ச ரூபா சம்பளக்காரனுக்கு அம்பது ரூபா தொலைஞ்சா தெரியாது, தினக்கூலிக்கு போறவனுக்கு அன்னிக்கு சாப்பாடே அதுதான். அதே மாதிரி 250 வோல்ட் சர்க்யூட்ல இந்த வித்தியாசம் காணாம போயிடும், 30 வோல்ட்ல ட்யூப்போட ஓட்டமே அதால மாறிடும். ஆக மலிவு டப்பாவுலதான் ட்யூப்புக்கு ட்யூப் வித்தியாசம் அதிகம். ஆனா கவனிங்க, அது பிராண்டுக்கு பிராண்டு வித்தியாசம் இல்ல, ஒரே அட்டைப்பெட்டியில இருந்து எடுத்த ரெண்டு ட்யூப்புக்கு நடுவுலயே அவ்ளோ வித்தியாசம் இருக்கும். இத புரிஞ்சிக்காமதான் நான் மூணு நாட்டு ட்யூப் வாங்கி "ரஷ்யன் கொஞ்சம் இருட்டு, அமெரிக்கன் கொஞ்சம் பளிச்சு"ன்னு நோட்டுல எழுதிட்டு இருந்தேன்.

அந்த நோட்டுக்கு சமாதி கட்டினது எங்க அக்கா பையன். லீவுக்கு வந்திருந்தான், சும்மா போன நோண்டிட்டு இருந்தான், அவன கூப்பிட்டு, "டேய், நான் ஹால்ல திரும்பி உக்காந்துக்கறேன், நீ ஒவ்வொரு தடவையும் ட்யூப்ப மாத்து, எந்த ஜோடி போட்டேன்னு பேப்பர்ல எழுதிக்கோ, எனக்கு சொல்லாத"ன்னு சொன்னேன். எட்டு ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரே பாட்டு, வீணை தனியா வர்ற ஒரு இருபது செகண்ட். நானும் கண்ண மூடிட்டு "இது விரிஞ்சு கேக்குது, இது கொஞ்சம் மந்தம், இது பழைய ட்யூப்"ன்னு பெரிய மனுஷன் மாதிரி எழுதிட்டே போனேன். கடைசில பேப்பர ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா, நாலாவதுல இருந்து ஆறாவது வரைக்கும் மூணு ரவுண்டும் ஒரே ஜோடி. "மாமா, கண்ணாடி கை சுட்டுச்சு, அதான் உருவுற மாதிரி சத்தம் மட்டும் குடுத்துட்டு விட்டுட்டேன்"ங்கறான். அந்த மூணு ரவுண்டுக்கும் நான் மூணு வேற வேற சவுண்டு எழுதியிருக்கேன்.

சிரிச்சு முடிச்சிட்டு மீட்டர எடுத்தேன். போன்ல 200 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ண ஓட விட்டு, ப்ரீஆம்ப் அவுட்புட்ல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஒவ்வொரு ஜோடிக்கும் அளந்தேன். 200 ஹெர்ட்ஸ் எதுக்குன்னா சாதா மல்டிமீட்டர் ஏசியில ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் போனா பொய் சொல்ல ஆரம்பிக்கும், கீழ இருக்கிற வரைக்கும் நம்பலாம். குமிழ தொடாம அளந்ததுல ஒரு ஜோடிக்கு 500 மில்லிவோல்ட், இன்னொண்ணுக்கு 560. கேக்க சின்ன நம்பரா இருக்கும், ஆனா அது கிட்டத்தட்ட 1 டெசிபல். காதுக்கு ஒரு பழக்கம் இருக்கு, 1 டெசிபல் கூட இருந்தா அத "சத்தம் ஜாஸ்தி"ன்னு சொல்லாது, "தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு"ன்னு சொல்லும். நான் நோட்டுல "பளிச்சு"ன்னு எழுதி வச்சிருந்த அமெரிக்கன் ஜோடி எது? அந்த 560தான். அப்புறம் குமிழ வச்சு ரெண்டையும் ஒரே அளவுக்கு கொண்டு வந்து கேட்டேன், பளிச்சு போயிடுச்சு. மிச்சம் இருந்தது, மறைக்காம சொல்றதுன்னா, ஒரு ஜோடியில அடியில இருந்த "ஸ்ஸ்ஸ்" கொஞ்சம் கம்மி. அது மட்டும்தான் எட்டு ரவுண்டு போனாலும் மாறாம பிடிபட்டுச்சு.

அந்த ஸ்ஸ்ஸ்தான் என்னைக் கேட்டா விஷயம். ராடாருக்காக செஞ்ச ட்யூப்புக்கு ஹை ஃப்ரீக்வென்சியில சத்தம் கம்மியா இருக்கணும்னு பாத்து பாத்து செஞ்சாங்க, காதுக்கு கேக்குற கீழ் ஃப்ரீக்வென்சியில பொரியற மாதிரி வர்ற சத்தத்தை யாரும் சோதிக்கல, தேவையும் இல்ல. அதனால ஒரு ட்யூப் அமைதியா இருக்கும், அடுத்தது வாணலியில கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கும். அதே கதைதான் மைக்ரோபோனிக்கும், உள்ள இருக்கிற க்ரிட் கம்பி முடி மாதிரி மெல்லிசு, வெளிய தட்டுனா அது அதிரும், அந்த அதிர்வே சிக்னலாயிடும். பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பரால ட்யூப் தலையில லேசா தட்டுங்க, ஸ்பீக்கர்ல "டொக்"னு கேட்டு உடனே நின்னா பரவாயில்ல, "டிங்ங்ங்"னு கோயில் மணி மாதிரி இழுத்துட்டு போனா அது ஸ்பீக்கர் பக்கத்துல வச்சு கேக்க லாயக்கில்ல, பாஸ் அடிக்கிறப்ப எல்லாம் ட்யூப்பும் கூட பாடும்.

ஆக மலிவு டப்பாக்காரங்களுக்கு நான் சொல்ற யோசனை இதுதான்: பேர் பெற்ற ஒரு ஜோடிக்கு காச கொட்டாம, அதே காசுல சாதா 5654-ஓ சோவியத் 6ஷ்1பி-ஓ ஒரே வகையில அஞ்சாறு வாங்குங்க. எல்லாத்துக்கும் கண்ணாடியில மார்க்கரால நம்பர் போடுங்க. ஒவ்வொண்ணையும் ஒரே பக்க சாக்கெட்ல போட்டு, அரை மணி நேரம் சூடாக விட்டு, பாட்டு இல்லாம குமிழ ஏத்தி காத ஸ்பீக்கர் கிட்ட வச்சு சத்தம் கேளுங்க, பென்சிலால தட்டுங்க, மீட்டர்ல லெவல் எழுதிக்கோங்க. சத்தம் கம்மியா இருக்கிறதுல லெவல் நெருங்கி வர்ற ரெண்ட எடுத்து ஜோடியாக்குங்க. "மேட்ச்டு பேர்"னு தனியா காசு வாங்கிட்டு விக்கிறாங்களே, அது பல நேரம் டேட்டாஷீட் வோல்டேஜ்ல மேட்ச் பண்ணது, உங்க டப்பாவோட 30 வோல்ட்ல அந்த ஜோடி ஜோடியா இருக்கும்னு ஒரு உத்தரவாதமும் கிடையாது. உங்க டப்பாவுலயே அளந்து சேத்தாதான் நிஜ ஜோடி.

என்ன போடலாம் என்ன போடக்கூடாதுங்கிறதுல மட்டும் விளையாடாதீங்க. கால் எண்ணிக்கை ஒத்து வந்தா போதாது, ஹீட்டர் கரண்ட் பாக்கணும். 6ஜே1, 6ஏகே5, 5654 எல்லாம் 6.3 வோல்ட்ல சுமார் 175 மில்லிஆம்ப் இழுக்கும். 6ஏயூ6-ன்னு இன்னொரு 7 கால் ட்யூப் இருக்கு, சாக்கெட்ல அழகா உக்காரும், ஆனா 300 மில்லிஆம்ப். பல மலிவு போர்டுல ரெண்டு ட்யூப் ஹீட்டரையும் வரிசையா கோத்து 12 வோல்ட்டுக்கு குறுக்க போட்டிருப்பாங்க, பழைய கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி. அதுல ஒரு பக்கம் 175, ஒரு பக்கம் 300 போட்டா வோல்டேஜ் சமமா பிரியாது, ஒண்ணுக்கு 7 வோல்ட்டுக்கு மேல போகும், இன்னொண்ணுக்கு 5க்கு கீழ நிக்கும், ஒண்ணு வெந்து சாகும் இன்னொண்ணு குளிர்ல நடுங்கும். அதனால எப்ப மாத்துனாலும் ஜோடியா, ஒரே வகையா மாத்துங்க.

9 கால் ட்யூப் இருக்கிற டப்பாவுல இந்த குழப்பம் இன்னும் மோசம், ஏன்னா அங்க 9 காலும் உள்ள போற ட்யூப் ஏகப்பட்டது. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்ல ஈசிசி88 போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கூடாது. 12ஏஎக்ஸ்7-ல ஹீட்டர் 4, 5-ம் கால்ல, நடு முனை 9-ம் கால்ல. போர்டு 12.6 வோல்ட்டுக்கு வயர் பண்ணியிருந்தா ஈசிசி88-ஓட 6.3 வோல்ட் ஹீட்டருக்கு ரெண்டு மடங்கு போகும், அதோட கதை முடிஞ்சுது. 6.3 வோல்ட்டுக்கு வயர் பண்ணியிருந்தா 4-ம் 5-ம் ஒண்ணா சேந்திருக்கும், ஈசிசி88 சூடே ஆகாது. சிக்னலை பெருசாக்காம கை மாத்தி மட்டும் விடற சில சீன பஃபர் டப்பாவுல வர்ற 6என்3-க்கு ஹீட்டரே 1-லயும் 9-லயும், அதுக்கு 5670 போடலாம், வேற எதையும் "கால் ஒத்து வருதே"ன்னு சொருகாதீங்க.

12ஏஎக்ஸ்7 குடும்பத்துக்குள்ளயே மாத்துறது மட்டும் உருப்படியான விஷயம், அங்க நிஜமாவே கேட்டு ரசிக்கிற அளவுக்கு மாற்றம் வரும், காரணம் பிராண்டு இல்ல, கெயின், அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருசாக்குதுங்கிறது. கணக்கு சின்னதுதான்: ட்யூப்போட மியூவ, அதாவது அதால அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருசாக்க முடியும்ங்கிற நம்பர எடுத்து, ப்ளேட் ரெசிஸ்டரால பெருக்கி, ப்ளேட் ரெசிஸ்டரும் ட்யூப்போட உள் ரெசிஸ்டன்ஸும் சேந்த கூட்டுத்தொகையால வகுக்கணும். 12ஏஎக்ஸ்7-க்கு மியூ 100, உள் ரெசிஸ்டன்ஸ் 62.5 ஆயிரம் ஓம், ப்ளேட் ரெசிஸ்டர் ஒரு லட்சம் ஓம்னு வச்சா 61 மடங்கு சொச்சம். அதே இடத்துல 12ஏயூ7 போட்டா அதோட மியூ 20க்குள்ள, கெயின் 17 மடங்கு பக்கத்துல வந்து நிக்கும். 11 டெசிபல் இறங்கிடும். நடுவுல 5751 இருக்கு, மியூ 70, ஹீட்டர் கொஞ்சம் கூட இழுக்கும் ஆனா பெரும்பாலும் தாங்கும். மைக் ப்ரீஆம்ப்ல வால்யூம் குமிழ லேசா தொட்டாலே கத்துது, மேல ஏத்தவே முடியலன்னா 12ஏயூ7 இல்லன்னா 5751 போட்டு பாருங்க, குமிழுக்கு இடம் கிடைக்கும், பின்னாடி வர்ற சத்தமும் சேந்து இறங்கும். பயாஸ், அதாவது க்ரிட்ட மைனஸ்ல வச்சிருக்கிற அளவு, கொஞ்சம் இடம் மாறும், அதனால எல்லா சர்க்யூட்லயும் சுத்தமா ஓடும்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு ட்யூப் மாத்தி நிச்சயமா தெரியற மாற்றம் வேணும்னா இதுதான்.

பழைய ஸ்டாக் மோகத்த பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். இங்கிலாந்துல பிளாக்பர்ன் ஃபேக்டரியில செஞ்ச மல்லார்டு, ஜெர்மனியோட டெலிஃபுங்கன், ஹாலந்து ஹேர்லன்ல செஞ்ச ஃபிலிப்ஸ், இதெல்லாம் நல்ல ட்யூப்தான், சந்தேகமே இல்ல, அந்த காலத்துல ஃபேக்டரிங்க கோடிக்கணக்குல செஞ்சு செஞ்சு கை தேறி இருந்துச்சு. ஆனா கண்ணாடி மேல இருக்கிற பிரிண்ட் ஈர விரல்ல தேய்ச்சாலே போற ரகம், அத அழிச்சிட்டு வேற பேரு போடறது எவ்ளோ நேரம் ஆகும்? டெலிஃபுங்கன்னா அடிக்கண்ணாடியில கால்களுக்கு நடுவுல ஒரு வைர வடிவம் அச்சுல இருக்கான்னு பாப்பாங்க, பழைய மல்லார்டுன்னா கண்ணாடி அடியில பொடி எழுத்துல இருக்கிற ஃபேக்டரி குறியீடு 'பி'ல ஆரம்பிக்குதான்னு பாப்பாங்க. இன்னிக்கு புதுசா வர்ற மல்லார்டு, டங்-சால் பேர் போட்ட ட்யூப்பெல்லாம் ரஷ்யாவுல சராடவ் ஊர்ல இருக்கிற ஒரே ஃபேக்டரியில இருந்து வர்றது, அந்த பேர்களோட உரிமை இப்ப எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நடத்துற மைக் மேத்யூஸ் கம்பெனி கையில. மிச்ச ட்யூப் பெரும்பாலும் ஸ்லோவாக்கியாவுல ஜேஜே-யும் சீன ஃபேக்டரிங்களும்தான். 2022 மார்ச்ல ரஷ்யா ஏற்றுமதிக்கு தடை போட்டப்ப கிட்டார்காரங்க பதறி அடிச்சு ஸ்டாக் வாங்குனாங்க, தடை பிறகு தளர்ந்துச்சு, ஏறின விலை பழைய இடத்துக்கு திரும்பல. நம்ம 7 கால் ராடார் குட்டிக்கு இந்த தலைவலி கிட்டத்தட்ட இல்ல, அதான் நான் அதுலயே இருக்கேன்.

பழைய ட்யூப் வாங்குறப்ப கண்ணாடிக்குள்ள ஒரு பக்கம் வெள்ளி மாதிரி பூசியிருக்கும் பாருங்க, அதுக்கு கெட்டர்னு பேரு, உள்ள மிச்சம் இருக்கிற காத்த உறிஞ்சிக்கிறதுக்காக வச்சது. அது வெள்ளியா பளபளன்னு இருந்தா சரி. பால் மாதிரி வெளுத்து போயிருந்தா காத்து உள்ள போயிடுச்சு, பேரம் பேசாதீங்க, வச்சிட்டு வந்துடுங்க.

மாத்துறப்ப அடாப்டர கழட்டி பத்து நிமிஷம் ஆற விடுங்க, துணியால புடிச்சு நேரா மேல இழுங்க, ஆட்டி ஆட்டி எடுத்தா கால் வளையும், கண்ணாடியோட கால் சேர்ற இடத்துல முடி மாதிரி விரிசல் விழும். புது ட்யூப்போட கால் கோணலா வந்தா அவசரப்படாம நகத்தால நேராக்கிட்டு சொருகுங்க. கால் கருத்திருந்தா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சு விடுங்க. "கரகர"ன்னு ஒரு பக்கம் மட்டும் வர்ற சத்தத்துக்கு பாதி நேரம் ட்யூப் காரணமே இல்ல, சாக்கெட் தளர்ந்திருக்கும், உருவி நாலு தடவை சொருகினாலே சரியாயிடும், அத தெரியாம "புது ட்யூப் போட்டேன், என்ன சுத்தம்!"னு சொல்றவங்க நிறைய. அதிர்வுக்கு ரப்பர் வளையம் மாட்டுறதா இருந்தா சூடு தாங்குற சிலிக்கான் வளையம் போடுங்க. நான் மளிகை பொட்டலத்துல வந்த ரப்பர் பேண்ட மாட்டி, ரெண்டு நாள்ல அது உருகி கண்ணாடியில பிசின் மாதிரி ஒட்டிக்கிச்சு, இன்னும் போகல.

உம்ம்ம்னு அடியில ஒரு ஹம் வருதுன்னு ட்யூப் மாத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் அதுக்காக ரெண்டு ஜோடி மாத்தினேன், போகல. கடைசியில லேப்டாப் சார்ஜர பிளக்ல இருந்து உருவினப்ப அது பொசுக்குன்னு நின்னுச்சு, லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல எர்த் சுத்தி வந்த விவகாரம், ட்யூப் பாவம் சும்மா நின்னுட்டு இருந்திருக்கு. டப்பாவோட வந்த அடாப்டரும் சந்தேகப் பட்டியல்ல முன்னாடி வரணும். மாத்துனா ஏசி கேக்குதா டிசி கேக்குதான்னு டப்பா பின்னாடி படிச்சிட்டு மாத்துங்க, ரெண்டும் ஒரே மாதிரி பின்தான், மாத்தி சொருகினா டப்பா போயிடும். இன்னொரு செலவில்லாத வேலை, டாக்-ல, அதாவது டிஜிட்டல் பாட்ட சாதா ஆடியோ சிக்னலா மாத்துற கருவியில இருந்து வர்ற 2 வோல்ட் சிக்னல அப்படியே இதுக்குள்ள விடாம சோர்ஸ்லயே வால்யூம கொஞ்சம் இறக்கி பாருங்க, கால் வயித்து ட்யூப் திணறாம மூச்சு விடும், பல பேருக்கு "கடுமையா கேக்குது"ங்கிற புகார் அதோட போயிடும்.

இப்ப என் டப்பாவுல இருக்கிறது ஒரே பெட்டியில வாங்கின அஞ்சுல ஒண்ணாம் நம்பரும் நாலாம் நம்பரும், பேர் தெரியாத 5654. ரெண்டாம் நம்பர் தட்டினா மணி அடிக்கிற ரகம், அத அக்கா பையன் ஊருக்கு போறப்ப கேட்டு வாங்கிட்டு போயிட்டான், படிக்கிற மேஜையில பேனா ஸ்டாண்டுல நிக்குதாம். எல்இடி மேல கருப்பு டேப் ஒட்டிட்டேன். ராத்திரி ரூம் லைட்ட அணைச்சிட்டு குனிஞ்சு பாத்தா ப்ளேட் இடுக்குல கடுகு சைஸ்ல ஒரு சிவப்பு தெரியும், ஸ்விட்ச் போட்டு இருபது செகண்ட் கழிச்சு.